முழுதும் உண்டார்

அடியே, அடுப்பில் கஞ்சி இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. பார்லி வாசம் ஜன்னல் கம்பி வழியாக வந்து இந்த அறை முழுக்க நிற்கிறது. இறக்கக்கூட இல்லை, அதற்குள் நோயாளிகள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று குறிக்கும் வார்டு டயட் ஷீட் என் மேசைக்கு வந்துவிட்டது. எல்லாக் கட்டிலுக்கும் நேரே 'முழுதும் உண்டார்'. என் கையெழுத்துதான் பாக்கி. நீ இருந்தால், "கஞ்சியே குடிக்கல, அதுக்குள்ள ஏப்பம் விட்டாச்சாக்கும்" என்று சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இந்த ஆஸ்பத்திரி டயட்டீஷியன்களாக இதே அறையில்தான் நாம் இருவரும் மாட்டிக்கொண்டு கிடந்தோம். ஒரு பக்கம் சமையற்கூடம், மறுபக்கம் வார்டு. சாப்பாடு மிஞ்சியது என்று எழுதினால் மறுநாள் அந்த வார்டுக்கு அளவு குறையும். "திங்காத ஆளுக்கு எதுக்கும்மா பாலு?" என்பார் ஸ்டோர்காரர். அதற்குப் பயந்தே, சாப்பாட்டு வண்டி கிளம்பும் முன்பே எல்லாருக்கும் 'முழுதும்' என்று எழுதிவைப்பது வழக்கமாயிற்று. நோயாளிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டோம். அதே தாளைப் பார்த்துத்தான் டாக்டர்கள் மருந்தை முடிவு செய்தார்கள்.

சமயநல்லூர்க்காரர் நினைவிருக்கிறதா? சர்க்கரை வியாதியோடு வந்த சம்சாரி. காலையில் இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். மதியத்துக்கு முன்பே உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். டியூட்டி டாக்டர் தாளைப் புரட்டினார். "சாப்பிட்டிருக்காரே. அப்ப சுகர் இறங்கியிருக்காது, ஹார்ட்டாத்தான் இருக்கும்" என்றார். நீ குறுக்கே போய் நின்றாய்.

"சார், அது காலையில நான் எழுதுனது. என்னத்தச் சாப்ட்டாரு, யாரு பாத்தா? சம்சாரத்தக் கேளுங்க சார்."

காலில் விழாத குறையாக அந்த அம்மா அழுதாள். "எனக்குப் பசிக்குமேன்னு உப்புமாவ எனக்குக் குடுத்துட்டாகய்யா." குளுக்கோஸ் ஏற்றியதும் மனிதர் கண் விழித்தார்.

மறுநாளிலிருந்து நீ உள்ளதை உள்ளபடி எழுதினாய். 'சாப்பிடவில்லை. மனைவி சாப்பிட்டார்.' என்ன நடந்தது? வார்டுக்குப் பால் குறைந்தது. நோயாளிகள் உன்னைத்தான் ஏசினார்கள். அந்த அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி கேட் பக்கம் நின்று அவள், "எம் புருசனக் காப்பாத்துனீகன்னு கும்புட்டேனேம்மா, இப்ப என்னப் பாக்க விடாமப் பண்ணிட்டீகளே" என்றதும் உன் முகம் செத்துப்போயிற்று. திருநகர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சொன்னாய்: "உண்மைய எழுதுனாலும் அடி, பொய்ய எழுதுனாலும் அடி. நம்ம எங்கிட்டுடி போறது?"

எங்கேயும் போகவில்லை. மறுபடியும் 'முழுதும்' என்றே எழுதினோம். சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போய் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, நர்ஸிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவாய். நீ லீவு போட்ட நாட்களில் அதுவும் கிடையாது.

அப்புறம் நீயே ஒரு கட்டிலில் கிடந்தாய். நம் ஆஸ்பத்திரி இல்லை, வேறொன்று. மூடியைக்கூடத் திறக்காமல் உன் தட்டு அப்படியே இருந்தது. கால்மாட்டில் தொங்கிய தாளில் 'முழுதும்'. நான் காட்டியதும் உனக்குச் சிரிப்பு. "அம்புட்டயும் நானா தின்னேன்?" என்றாய். "நல்லாத்தான் சாப்பிடுறாங்க, ஏன் தேற மாட்டேங்குறாங்கன்னு தெரியல" என்றார் அங்கிருந்த டாக்டர். "சாப்பிடலை சார்" என்றேன். தாளைத் தூக்கிக் காட்டினார். "இதுல எழுதியிருக்குதேம்மா."

எழுதியது வேறு யாரோ. ஆனால் அது நம் எழுத்து போலவே இருந்தது. நீ போய்ச்சேர்ந்த அன்றைக்கும் அந்தத் தாளில் நீ முழுதும் சாப்பிட்டிருந்தாய். அழுகையைவிட ஆத்திரம்தான் எனக்கு அதிகம் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

கஞ்சியை இறக்கிவிட்டார்கள். வண்டிச் சத்தம் கேட்கிறது. தாள் கையெழுத்தில்லாமல் மேசையிலேயே கிடக்கட்டும். இன்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதப்போகிறேன். யார் வீட்டுக்காரி பங்கு வாங்கித் தின்றாள் என்பதை மட்டும் எழுத மாட்டேன். பாலைக் குறைத்தால் ஸ்டோர் வாசலில் போய் நான் கத்துகிறேன், என் தொண்டை உனக்குத் தெரியாததா?

இரு, தட்டு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாரேன்.