அறுக்காத தொட்டி

அன்பு மச்சான் சூசைக்கு, இன்னும் கோபம் ஆறாமல் எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. பத்திரிகையில் உங்கள் படத்தைப் போடப் போவதாகவும், படத்துக்குக் கீழே நாலு வரி எழுதித் தரும்படியும் உங்கள் சம்சாரம், என் ரீத்தா அக்கா, கேட்டாள். பாசத்தின் சிகரமே, நேர்மையின் விளக்கே என்று எல்லோரும் போடுகிற மாதிரி நானும் எழுதிப் பார்த்தேன். நேர்மை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதனால்தான் கடிதம். லாபிஸ் தோட்டப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் எழுதுகிறேன், பிழை இருக்கும். நீங்கள் பத்து பாகாட் டவுனுக்குப் போய் கொஞ்சம் கூடவே படித்தவர். உட்கார்ந்து திருத்துங்கள். அங்கே வேறு வேலை என்ன இருக்கப் போகிறது?

முதலில் ஊர் சேதி. தம்போயில் மழை விட்டபாடில்லை. வெயிலைப் பார்க்காத துணியெல்லாம் டிரையருக்குள் போகிறது, டிரையரெல்லாம் நம் கடைக்கு வருகிறது. சூடு வரவில்லை என்று ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் காற்றுக் குழாயில் பஞ்சு அடைத்து, ஒரு தலையணை தைக்கலாம் போலிருந்தது. வாஷிங் மெஷின் பில்டரில் வழக்கம்போல ஹேர்பின், சிங்கப்பூர் சில்லறை. போன மாதம் ஒரு பல்செட் வந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டே வந்து வாங்கிப் போனார். நீங்கள் இருந்திருந்தால் அவரைச் சிரிக்க வைக்காமல் விட்டிருக்க மாட்டீர்கள்.

கடைப் பலகையை மாற்றவில்லை. உங்கள் பெயர் பெரிதாக, என் பெயர் அதற்குக் கீழே கோழி கிளறிய மாதிரி. பெயின்டர் உங்களிடம்தானே தேத்தண்ணி வாங்கிக் குடித்தான்.

நம் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சாமானை மாற்றினாலும், கழற்றிய பழசைப் பையில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் பம்போ, பெல்ட்டோ, பேரிங்கோ, எதுவானாலும் சரி. இதை ஆரம்பித்தவன் நான். மாற்றாமலே மாற்றினேன் என்கிற ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு என்பதால்தான் ஆரம்பித்தேன். அவர்கள் வேறு, நாம் வேறு என்று காட்டுவதற்கு.

உங்கள் அடக்கத்தன்று மாதா கோயிலில் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குக் கிண்டல் பண்ணத்தான் தெரியும், மேடையில் பேசத் தெரியாது. இருந்தாலும் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "எங்க மச்சான் கழட்டுன சாமான ஒளிச்சதே இல்ல. எது கெட்டுப் போச்சோ அத உங்க கையிலயே குடுத்துட்டுத்தான் வீட்ட விட்டு எறங்குவாரு." கொஞ்சப் பேர் சிரித்தார்கள், கொஞ்சப் பேர் அழுதார்கள். சாமியார்கூடத் தலையாட்டினார். நீங்கள் பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், மச்சான்?

போன மாதம் கமலா போன் செய்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற கமலா. பொழுது விடிவதற்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பாலம் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் நாள் முழுக்கத் துணி, துணி, துணி.

"அண்ணே, மெஷின் மறுபடியும் லோரி மாதிரி கத்துது லா. புள்ளைங்க பயந்து முழிச்சிக்குதுங்க."

"சூசை மச்சான் பேரிங் மாத்துனாரே?"

"மாத்துனாரு. பழசுகூட குடுத்துட்டுப் போனாரே. வந்து பாருங்க."

போனேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் மெஷினைத் திருப்பிப் போட்டு, முதுகுத் தகட்டைக் கழற்றினேன். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். துணி சுற்றுகிற டிரம்மை வெளியே ஒரு பிளாஸ்டிக் தொட்டி மூடியிருக்கும். டிரம் உருள்வதற்கான பேரிங் அதற்குள்ளே இருக்கிறது. சில மெஷினில் தொட்டியின் இரண்டு பாதியையும் ஸ்க்ரூ போட்டு மூடியிருப்பார்கள். கமலா வீட்டு மெஷினில் அதை உருக்கியே ஒட்டியிருக்கிறது. பேரிங்கைத் தொட வேண்டுமானால் அந்த ஒட்டைச் சுற்றிலும் ரம்பத்தால் அறுத்துத்தான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. முடித்த பிறகு சிலிக்கான் பசை பூசி, ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும்.

டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தேன். கம்பெனி போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பெல்ட் சுற்றுகிற புல்லிக்குப் பின்னால் மட்டும் சின்னதாக ஒரு துளை. அதை சிலிக்கானால் அடைத்திருந்தது, ஓரத்தில் கறுப்பாக கிரீஸ் கசிந்திருந்தது. துளை போட்டு, கிரீஸை உள்ளே அழுத்தி, சத்தத்தை மட்டும் கொஞ்ச நாளைக்கு அடக்கியிருக்கிறீர்கள்.

நான் அப்போதும் உங்களை நம்பத்தான் பார்த்தேன். தொட்டியையே புதுசாக மாற்றியிருப்பாரோ என்று யோசித்தேன். தொட்டியின் அடியில் பழைய சோப்புக் கறை கல்லாக உறைந்திருந்தது.

அதற்குள் கமலா ஒரு பேரிங்கைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தா பாருங்கண்ணே, பழசு. சோறு மூடி வைக்கிற கூடை மேல வச்சிருக்கேன். பூனையால தள்ள முடியல. நல்லா கனம்."

கனமாகத்தான் இருக்கும். அவர் மெஷினுக்கு அது அப்பா செருப்பைப் பிள்ளை போட்ட மாதிரி. அந்த அளவு பேரிங் டோபி கடையில் இருக்கிற பெரிய மெஷினில்தான் வரும். வெளி வளையத்தில் ஒரு வெட்டு இருந்தது. என் உளி நழுவி விழுந்த வெட்டு. டோபி கடை மெஷினிலிருந்து அதைத் தட்டி எடுத்தவன் நான்தான். அந்த முதலாளி பழசு வேண்டாம் என்றதால், கடைக்குப் பின்னால் இருக்கிற பெயின்ட் டின்னில் போட்டுவைத்தேன், பழைய இரும்பு வாங்குகிறவன் வந்தால் கொடுக்கலாம் என்று.

டின் ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு போட்டாலும் நிறையாத டின். "மச்சான், இரும்பு தின்னுறீங்களா?" என்று நான் உங்களைக் கேட்பேன். நீங்களும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ரத்தத்துல இரும்பு கம்மியாம், டாக்டர் சொன்னாரு" என்பீர்கள். இரண்டு பேரும் கடை அதிரச் சிரிப்போம். நான் எதற்குச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள்?

நம் கடை ஆள் வீட்டுக்கு வந்தால் பழசு கேட்க வேண்டும் என்று தம்போய் முழுக்கப் பழக்கிவிட்டவன் நான். கேட்பார்களே என்று என் டின்னில் கை விட்டிருக்கிறீர்கள். அடுத்தவன் செய்யும் திருட்டைத் தடுக்க நான் போட்ட பூட்டை, நீங்கள் உங்களுக்குச் சாவியாக்கிக்கொண்டீர்கள். அன்றைக்குக் கமலாவிடம் சாமான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

அந்த வாரம் நீங்கள் பேரிங் மாற்றியதாகச் சொன்ன வேறு வீடுகளுக்கும் போனேன். சும்மா சர்வீஸ் என்று சொல்லித் தகட்டைத் திறந்தேன். ஸ்க்ரூ போட்ட தொட்டியெல்லாம் ஒழுங்கு. பேரிங் புதுசு, தண்ணீர் தடுக்கிற சீல் புதுசு, பொன் மாதிரி வேலை. ஒட்டிய தொட்டி வந்தால் மட்டும் துளை, கிரீஸ், சிலிக்கான். எல்லாமே பொய்யாக இருந்திருந்தால்கூட உங்களைத் திட்டித் தீர்த்திருப்பேன். பாதி உண்மையாகச் செய்துவைத்திருக்கிறீர்களே, அதை என்ன செய்வது?

அக்காவிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"இப்ப அதுக்கு என்னா செய்ய போற?" என்றாள்.

"அந்த வீடுங்களுக்குப் போயி சொல்ல போறேன்."

"என்னான்னு?"

"உங்க மெஷின்ல பேரிங் மாத்தவே இல்லன்னு."

"எதுக்கு? பேசாம புதுசு போட்டுக் குடுத்துட்டு வா. வாரண்டின்னு சொல்லு. யாருக்குத் தெரிய போகுது?"

"நான் கோயில்ல மைக்கு புடிச்சி சொன்னேன்கா."

"செத்தவர மறுபடியும் பொதைக்கப் போறியாடா, அந்தோணி?" என்றவள் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. ரம்பத்தப் புடிச்சா கோணலா போகுதுன்னாரு. தொட்டி அறுக்குற வேலை வந்தா மூஞ்சே செத்துப் போயிரும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"நான் கிண்டல் பண்ணுவேன்னா?"

"அது இல்ல. நீ கடையில ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சிருவன்னு."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கடைசி வருடம் நீங்கள் சூடாகத் தேத்தண்ணி குடிக்கவே இல்லை. எப்போதும் ஐஸ் போட்டு, ஸ்ட்ரா வைத்துத்தான். "ஸ்கூல் புள்ள" என்று நான் கூப்பிட்டேன். கிளாஸைக் கையால் தூக்காமல், குனிந்து உறிஞ்சிக்கொண்டே சிரித்தீர்கள்.

"டின்னுல இருந்து பழைய பேரிங்க எடுத்துக் குடுத்தாரே, அது ஒனக்குத் தெரியுமா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"கை விஷயம்தான் தெரியும். இது தெரியாது. மாதா சத்தியமா தெரியாது." அவள் குரல் அப்போது உங்கள் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை.

நடுக்கம் வந்ததற்காக உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, மச்சான். யாருக்கும் வரும். ஆனால் ரம்பம் பிடிக்க நான் அடுத்த தெருவில்தானே இருந்தேன்? "அந்தோணி, இந்தத் தொட்டிய நீ அறு" என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். நீங்கள் கரண்ட் போர்டு பாருங்கள், நான் அறுக்கிறேன் என்றிருப்பேன். நாற்காலியில் உட்கார வைத்திருப்பேன் என்பதும் உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்காருவதைவிட, பிள்ளை பார்க்கிற பெண்ணை ஏமாற்றுவது உங்களுக்கு லேசாக இருந்ததா? என்னை ஏமாற்றுவது அதைவிட லேசா?

போன சனிக்கிழமை புது பேரிங், சீல், ரம்பம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றினேன். அக்கா கடைக்கு வந்து நின்றாள். பழைய பாவாடை, உங்கள் சட்டை.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"தொட்டியப் புடிச்சிக்க ஆள் வேணும்ல?" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கமலா வீட்டில் மெஷினைத் தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "கமலா, உங்க மெஷின்ல பேரிங் மாத்தல. நீங்க வச்சிருக்கது வேற மெஷினோடது."

"மாத்தலையா?" அவர் இடுப்பில் ஒரு குழந்தை. "அப்ப எங்கிட்ட காட்டுனது?"

"பொய்."

"நான் அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன் லா. புள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டே போட்டேன். 'ஐஸ் இருக்காம்மா'ன்னு கேட்டாரு, அதுவும் எடுத்துக் குடுத்தேன்." குரல் ஏறியது. உள்ளே ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. "உயிரோட இருந்தா இப்ப இங்கயே நிக்க வச்சிக் கேட்டிருப்பேன்."

கேட்டிருக்க வேண்டும். நானும் பக்கத்தில் நின்றிருப்பேன்.

அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார். "இவங்க யாரு? புதுசா வேலைக்கு வச்சிருக்கீங்களா?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அது அக்காவுக்கு நல்லதாக இருந்திருக்கும். சந்தில் நின்று திட்டு வாங்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"நான் சூசையோட சம்சாரம்," என்றாள் அக்கா.

கமலா குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "என் கண்ணு முன்னாடியே அறுங்க," என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் பின்வாசற்படியில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அறுத்தேன். அக்கா தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்டிக் தூள் அவள் முடியெல்லாம் ஒட்டியது. பாதி அறுத்ததும் என் கையே நடுங்கியது, மச்சான். அவ்வளவு கடினமான ஒட்டு. உள்ளே பேரிங் துருப்பிடித்துச் சேறாக இருந்தது. எங்களுக்குத் தேத்தண்ணி வரவில்லை. வராததுதான் நியாயம்.

வேலை முடிந்து மெஷின் காற்று மாதிரி சுற்றியபோது கமலா கேட்டார், "இன்னும் எத்தனை வீடு இப்படி?"

"தேடிக்கிட்டு இருக்கோம்," என்றாள் அக்கா. நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

வேனில் ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வீடு எது?" என்றாள். இப்படி ஒரு கடிதத்தைப் பத்திரிகையில் போடலாமா என்று அப்போதுதான் கேட்டேன். "பேரோட போடு," என்றாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அதுவும் பொய்யாகிவிடும். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீங்கள் அறுக்காமல் விட்ட ஒவ்வொரு தொட்டியையும் வீட்டுக்காரர் பார்க்க நான் அறுப்பேன். எதற்கு அறுக்கிறேன் என்றும் சொல்வேன், உங்கள் பெயரைச் சொல்லியே சொல்வேன். திட்டு விழும். நீங்கள் வாங்க வேண்டிய திட்டை, தொட்டியைப் பிடித்துக்கொண்டு உங்கள் சம்சாரம் வாங்குகிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருங்கள், மச்சான். கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

ரீத்தாவின் தம்பி, உங்கள் மச்சான்,
அந்தோணி
தம்போய்