மாப்பிள்ளையின் நாலாவது ரம்பம்

மார்ச் 3

தங்கை புருஷன் வந்தான். இந்த நோட்டில் 'வந்தான்'. பட்டறையில் 'வாங்க மாப்ளே'. வேறு வழி? கையில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது மச்சான்."

மூடியைக் கழற்றினேன். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சேறாக அப்பியிருந்தது. ஏர் ஃபில்டர் மூக்கடைத்துக் கிடந்தது. அந்தப் பற்களில் வெண்ணெய்கூட அறுபடாது.

"எப்போ தொடைச்சீங்க?"

"தொடைக்கணுமா? மெஷின்தானே!"

என் ரம்பம் எட்டு வருஷமாக ஓடுகிறது. அவனுக்கு இது மூன்றாவது. ராசியில்லையாம். குளிக்காதவன் சட்டையைக் குறை சொன்னானாம்.

மார்ச் 4

பிரஷ்ஷும் அரமுமாக இரண்டு மணி நேரம். தங்கைக்காக. தினம் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சுருட்டிக் காது குடைந்தான்.

ஏப்ரல் 11

மறுபடி வந்தான். செயின் பிரேக்கைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறான்! ரம்பம் முகத்துக்கு எகிறினால் சங்கிலியை நிறுத்துகிற சாமான் அது.

"சும்மா சும்மா நின்னுடுது மச்சான். வேலை கெடுது."

தூள் அடைத்தால் சிக்கத்தானே செய்யும், மடையா!

"பக்கத்துல நின்னு கட்டையை யாரு பிடிக்கிறா?"

"வேற யாரு? உங்க தங்கச்சிதான்."

என்ன மனுஷன் இவன்? கம்பியை வெட்டி எறிந்தேன். மெஷினைத் தர மாட்டேன் என்றேன்.

"இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க" என்று போய்விட்டான்.

மிதிக்கிறேனா பார்.

ஏப்ரல் 12

தங்கை போனில், "அவரு பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேண்ணே." வைத்துவிட்டாள்.

நான் யாருக்காகச் செய்தேன்?

ஏப்ரல் 20

புது ரம்பம் வாங்கிவிட்டானாம். நாலாவது. பாவம், அந்த மெஷின்.

மே 2

அவள் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

மே 9

தங்கை தனியாக வந்தாள். சாக்குப்பையில் புது ரம்பம்.

"நேத்து எகிறிடுச்சுண்ணே. என் முகத்துக்கு இவ்வளவு தள்ளி." விரல்களை விரித்துக் காட்டினாள் — ஒரு சாண்கூட இல்லை. "புது மெஷினாச்சே, பிரேக் பிடிச்சிருச்சு. அதான் உசுரோட உன் முன்னாடி உக்காந்திருக்கேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு."

"இங்கேயே இருந்துடு."

"அதெல்லாம் வேணாம். இதைக் கழட்டிப் பூட்டக் கத்துக் குடு. பிரேக்ல கம்பி கட்டினா கட்டை பிடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் ஸ்பானரை எடுத்துவிட்டாள். மூடி, ஃபில்டர், பிரேக் இடுக்கு, பல்லுக்கு அரம் — ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். ரம்பம் பிடித்த ஏழு வருஷம் அவனுக்குப் போதவில்லை.

"அவருக்குத் தெரிய வேணாம்ண்ணே. கௌரவம் போயிடும்."

கௌரவமாம்!

நவம்பர் 15

இருவரும் வந்தார்கள். வாசப்படிச் சண்டையெல்லாம் மறந்து, பெருமையடிக்கவே வந்திருக்கிறான்.

"மெஷின்னா இதான் மச்சான்! ஆறு மாசமா ஒரு தும்மல் கிடையாது. எல்லாம் வச்சுக்கிற கையில இருக்கு."

"ஆமா மாப்ளே" என்றேன்.

தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நகக்கண்களில் கறுப்பு எண்ணெய்.

பட்டறையில் நாற்காலி ஒன்றுதான். அவன் உட்காரப் போனான். இழுத்து அவளுக்குப் போட்டேன்.