கதவுநிலையில் அறைந்த மட்டக்கம்பும் மாணவி பூரணியின் உயரமும்

அனுப்புநர்:
பொ. சுதர்ஷினி,
உடற்கல்வி ஆசிரியை,
கந்தப்பளை.

பெறுநர்:
உதவிக் கல்விப் பணிப்பாளர் (உடற்கல்வி),
வலயக் கல்வி அலுவலகம்.

பொருள்: பெண்கள் கூடைப்பந்து அணித் தெரிவில் நான் செய்த பிழை குறித்து நானே தரும் புகார்.

மதிப்புக்குரிய ஐயா,

1. வலய அணிக்கு எங்கள் பாடசாலை மாணவிகளைத் தெரிவு செய்து அனுப்பியவள் நான். பூரணி செல்லசாமி என்ற பதினாறு வயது மாணவியின் பெயருக்கு எதிரே "உயரம் போதாது, ரிபவுண்டுக்கும் புளொக்குக்கும் உதவமாட்டார்" என்று எழுதியதும் நான்தான். அதுவரை அவள் ஆடி நான் பார்த்ததில்லை.

2. எப்படித் தெரிவு செய்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் தாயார் வீரம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். தேயிலைச் செடியின்மேல் குறுக்கே வைத்து மட்டம் பார்க்கும் அவரது கம்பு வீட்டில் சும்மா கிடந்தது. கம்புக்கு மேலே நிற்கும் கொழுந்தைக் கிள்ளுவார்கள், கீழே உள்ளதை விட்டுவிடுவார்கள். அந்தக் கம்பை விளையாட்டு அறைக் கதவுநிலையில் குறுக்கே, ஐந்தடி நான்கு அங்குலத்தில் அறைந்தேன். தலை தட்டியவர்களை எடுத்துக்கொண்டேன், தட்டாதவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். பூரணிக்குத் தட்டவில்லை.

3. "டீச்சர், அடுத்த வருசம் வளந்துட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சிரித்தேன்.

4. கடந்த சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஆள் குறைந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பூரணியை வேறு வழியின்றி இறக்கினேன். எதிரணியில் ஐந்தடி எட்டு அங்குல தனுஷிகா, நான் முதலில் தெரிவு செய்தவள். ரிபவுண்டில், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில், பூரணி பதினான்கைப் பிடித்தாள், தனுஷிகா ஆறு. பூரணி பந்தைப் பார்ப்பதில்லை, எறிபவளின் மணிக்கட்டைப் பார்க்கிறாள். பந்து தெறிக்கும் இடத்துக்கு முதலில் போய், தனுஷிகாவுக்கு முதுகைக் காட்டி, காலை அகட்டி நின்றுவிடுகிறாள். பின்னால் மாட்டிக்கொண்ட உயரத்தால் ஒன்றும் ஆகவில்லை.

புளொக்கில், அதாவது எறியும் பந்தைத் தடுப்பதில், உயரம் கைகொடுக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. தனுஷிகா நான்கு தடுத்தாள், பூரணி ஒன்றுதான். அந்த ஒன்றுக்குத் தனுஷிகாவே கைதட்டினாள்.

5. மாகாணப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை முடிவாகிறது. அடுத்த வருடம் பூரணி வயதெல்லையைத் தாண்டிவிடுவாள். வளர்ந்துவிட்டு வர அவளுக்கு நேரமில்லை. ஆகவே, என் குறிப்பை நீக்கி, தங்கள் முன்னிலையில் அவளை ஒரு தடவை ஆடவிட்டு முடிவெடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இதற்காக என்மீது விசாரணை வைத்தாலும் மறுப்பின்றி வருவேன்.

6. நேற்று அந்தக் கம்பைக் கழற்றினேன். கழற்றுமுன் நானும் அதன் கீழே நடந்து பார்த்தேன். பாடசாலைக் காலத்தில் மூன்று வருடம் கூடைப்பந்து ஆடி, அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அன்று என்னை யாரும் அளக்கவில்லை. கம்புக்கும் என் தலைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது, ஐயா.

இணைப்பு: ஆட்டக் குறிப்புத் தாள்.

இடம்: கந்தப்பளை
திகதி: 11.06.2025

தலைகுனிந்து,
பொ. சுதர்ஷினி