மஞ்சள் துணியில் முடிந்த ஐந்து சதம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று நான் வேலை செய்யும் பழங்காசுக் கடைக்கு ஒரு பை நிறையக் காசு வந்தது. நாலு மட்டும் டூப்ளிகேட். முன்பெல்லாம் தாஸிம் முதலாளி தானே பார்ப்பார். இப்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நீங்க பாருங்க மகள், ஒங்கட கண்ணு போதும்" என்கிறார். பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கண்டி டவுனில் விக்டோரியா மகாராணியின் மூக்கைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறது. எனக்கே சிரிப்பு.

குண்டசாலையில் என் வாடகை அறைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அத்தை ஃபோன். "வைகாசியில நல்ல நாள் இருக்கு புள்ள." நான் "ம்" என்றேன்.

எதற்கு "ம்" என்றேன்?

பெப்ரவரி 7

அந்த "ம்" இந்நேரம் தோட்டம் முழுக்கப் போயிருக்கும்.

பெப்ரவரி 11, ஞாயிறு

ஒருமுறை முழுதாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் சின்னதாகத் தெரியுமோ என்னவோ.

எனக்கு மூன்று வயதில் அப்பா தன் தங்கச்சிக்கு, அதாவது இரத்தினம்மா அத்தைக்கு, வெற்றிலை பாக்கு கொடுத்து வாக்குச் சொன்னாராம். என் மகள் உன் மகனுக்குத்தான் என்று. வெற்றிலையில் வைக்கப் பவுன் இல்லை. வீட்டில் கிடந்த பழைய ஐந்து சதத்தை வைத்தார். எனக்கு ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். காசு போகவில்லை. அத்தையின் சாமித் தகரப் பெட்டிக்குள் மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கிறது. அத்தையைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை, நான் பார்த்ததுகூட இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும், "உங்கப்பன் காசு எங்கிட்ட இருக்கு" என்பார்.

அத்தை மகன் மோகனராஜ் கெட்டவன் இல்லை. வேன் ஓட்டுகிறான், குடிக்க மாட்டான். போன மாதம் அவனிடமே கேட்டேன். "எனக்கும் ஒன்னும் பிடிவாதம் இல்ல யசோ. ஆனா அம்மாகிட்ட நான் பேச மாட்டேன். நீயே பேசிக்க." வீரன்!

கட்டினால் கடையை விட வேண்டும். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறை, அத்தையின் அடுப்படி, அவ்வளவுதான். அந்தத் தகரத்துக்குள் இருப்பது காசா நானா என்று சில நாள் சந்தேகம் வருகிறது.

சின்னதாகத் தெரியவில்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு

பன்வில போய் வந்தேன்.

நாள் குறிக்க எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தை விபூதி பூசிக்கொண்டு தகரத்தைத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, காசைத் தாம்பாளத்தில் வைத்தார். 1870 என்று போட்ட ஐந்து சதம். ஒரு பக்கம் தாளிப் பனை மரம், மறுபக்கம் மகாராணி. ஆனால் பளபளவென்று, நேற்று அடித்த மாதிரி! எழுத்தெல்லாம் மழுங்கல். நூற்றைம்பது வருஷச் செம்பு இப்படியா மின்னும்?

"அத்தை, இது டூப்ளிகேட்."

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. அம்மா என் கையைக் கிள்ளினாள். அத்தை, "என்னா சொல்ற?" என்றார். கடையில் நான் பார்க்கும் வேலையே இதுதான், வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்கு இப்படி வார்க்கிறார்கள், கொடுங்கள், முதலாளியிடம் காட்டி வருகிறேன் என்றேன். அத்தை காசை எடுத்துத் தந்தார். நாள் குறிக்காமலே எழுந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷம் தாங்கவில்லை. இதை யாரிடம் சொல்ல? இங்கேதான் எழுதலாம்.

பெப்ரவரி 26

தராசில் வைத்தேன். எடை சரி.

விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். வார்த்த காசு என்றால் அச்சு சேர்ந்த கோடு ஒன்று இருக்கும். இல்லை.

முதலாளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஊசியால் எழுத்துக்கு இடையில் கிண்டினார். வெள்ளையாகத் தூள் வந்தது. "விபூதி. சாமான் அசலாத்தான் ஈக்கி மகள். விளக்குத் தேய்க்கிற மாதிரிப் புளி போட்டுத் தேய்ச்சீக்காங்க, பாவம். ஆரோடது?"

எங்கள் வீட்டுக் காசு என்றேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை சாமிச் சாமான் தேய்ப்பார். இருபத்தைந்து வருஷமாக இதையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறார். விளிம்பைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே என்பது இந்தக் கடையில் நான் படித்த முதல் பாடம். நேற்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்று எழுதினால் இன்னும் சரி.

பெப்ரவரி 28

அம்மா ஃபோனில் அழுதாள். அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். "எங்கண்ணன் எனக்குக் கள்ளக் காசு குடுத்துட்டாரே"ன்னு ஒரே பேச்சாம். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லையாம்.

நான் பேசாமல் இருந்தால் போதும். தப்பித்துவிட்டேன். வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம்.

மார்ச் 2

காசு என் கைப்பையில். பஸ்ஸில் யாராவது அடித்துக்கொண்டு போனால் நல்லது. ஒருத்தனும் எடுக்க மாட்டேன் என்கிறான்.

மார்ச் 5

அசல் என்று சொன்னால் வைகாசியில் கழுத்தில் மாலை. சொல்லாவிட்டால் அப்பா கள்ளன். அந்த மனுஷன் வீட்டில் இருந்ததிலேயே நல்லதைத்தானே எடுத்து வைத்தார்? என்னப்பா நீங்க, ஒரு டூப்ளிகேட்டை வெச்சிருக்கக் கூடாதா? இப்ப நான் எங்க போக? எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்க காசுதான் நிக்குது.

மார்ச் 8, சிவராத்திரி

லீவு. காலை பஸ்ஸிலேயே பன்வில போனேன்.

அத்தை கதவருகே உட்கார்ந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது. காசை அவர் கையில் வைத்தேன். "அசல் அத்தை. நான்தான் தப்பாச் சொன்னேன். நீங்க தேச்சுத் தேச்சுதான் அப்படி மின்னுது. அப்பா நல்ல காசுதான் குடுத்திருக்காரு."

அத்தை காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பிறகு நிமிர்ந்து, "அப்ப வாக்கும் அசல்தானே?" என்றார்.

"அசல்தான். ஆனா அப்பா உங்களுக்குக் குடுத்தாரு, என்னைக் கேக்கல. நான் வர மாட்டேன் அத்தை."

பஸ்ஸில் நூறு தரம் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தை. மோகன் வாசலில் வேனைத் துடைத்தபடி தலையே நிமிரவில்லை. அம்மா, "இதுக்கு நீ அன்னைக்கு சொன்ன பொய்யே மேல்டி" என்றாள். அத்தை காசை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தகரம் மூடுகிற சத்தம் கேட்டது.

பஸ் வரைக்கும் அம்மா வரவில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அறையில் பாணைப் பிய்த்து டீயில் தொட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 14

வைகாசி முடிந்தது. அம்மா ஃபோனில் மழை பற்றி மட்டும் பேசுகிறாள்.

ஒக்டோபர் 31, தீபாவளி

நேற்று குட்ஷெட் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், மோகனின் வேன். "அம்மா உன்னைத் தீவாளிக்கு வரச் சொன்னாங்க." நீ பேசினாயா என்று கேட்டேன். "நான் எங்க பேசுறது! அவங்களாத்தான் சொன்னாங்க."

போனேன். அத்தை வீட்டில் பித்தளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். குத்துவிளக்கு, தாம்பாளம், மணி, சொம்பு, எதைப் பார்த்தாலும் கண் கூசியது. விபூதி எடுக்கத் தகரத்தைத் திறந்தார். மஞ்சள் துணி இல்லை. காசு ஒரு மூலையில் சும்மா கிடந்தது, பழுப்பேறி, கோப்பித் தூள் நிறத்தில். எட்டு மாதமாகக் கை படாத நிறம். முதலாளி பார்த்தால் இதைத்தான் நல்ல நிறம் என்பார்.

நான் பார்ப்பதை அத்தை பார்த்தார்.

"என்னா பாக்குற? காசு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

நெற்றியில் விபூதி வைத்துவிட்டு, "கடைக்குக் கொஞ்சம் முறுக்கு எடுத்துட்டுப் போ. உங்க முதலாளி ஹாஜியாருக்கும் குடு" என்றார்.