கோணவாயனுக்கு ஒரு நட்சத்திரம்

மார்ச் 4
பேனா இன்று சொன்னபடி கேட்கிறது. எழுபது வயதுக்கு மேல் எழுத்து கைவந்தால் யாரையாவது திட்டி எழுதாமல் இருக்க முடிவதில்லை. கோணவாயன் நாசமாய்ப் போக. ஆகா, எழுத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது!

மார்ச் 9
சரக்கு அனுப்புகிறவர்களுக்கு லாரி பிடித்துத் தர, நம் கம்பெனிக்காக மகள் நடத்தும் செயலியில் கோணவாயனும் சேர்ந்துவிட்டான். காலமெல்லாம் என் லோடைத் தட்டிப் பறித்த லாரிக்காரன். நம் கடைக்குள்ளேயே அவனுக்கு நாற்காலியா என்று கத்தினேன்.
"இது கடை இல்லப்பா, சந்தை. எல்லா லாரிக்காரரும் வந்தாத்தான் லோடு குடுக்கறவங்க வருவாங்க. அவர் வந்தா அவர் பின்னாடி பத்துப் பேர் வருவாங்க."
அவராம்.

மார்ச் 10
சந்தையைக் கட்டியவன் தன் மாட்டை முன்னால் நிறுத்தக்கூடாதா? நம் லாரிகளை மேலே காட்டு என்றேன். மாட்டாளாம். சரக்குக்குப் பக்கத்தில் யார் லாரி நிற்கிறதோ அதுதான் மேலேயாம். யார் வீட்டுப் பிள்ளை இவள்?

மார்ச் 17
ஒவ்வொரு லாரிக்காரர் பெயருக்கும் கீழே நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுத இடம் இருக்கிறது. கோணவாயனுக்கு ஒன்றே ஒன்று போட்டேன். 'பொய்யன். தார்ப்பாய் கட்டமாட்டான். சரக்கு நனையும்.' எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. தார்ப்பாய் விஷயம் நானாகச் சேர்த்தது. அதனால் என்ன? இவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கப்போய் வெகுகாலம் ஆயிற்று.

மார்ச் 18
என் கருத்துக்கு மேலே என் பெயர். பக்கத்தில் 'செயலி உரிமையாளர்' என்று தானாக விழுந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?
மகள் அழிப்பதற்குள் ஊரிலுள்ள லாரிக்காரர்கள் எல்லாரும் படம் பிடித்துவிட்டார்கள்.
"பந்தி வச்சவரே சோத்துல துப்பினா யாருப்பா உக்காருவாங்க?" என்றாள். அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள்.
அவன்கிட்டயா? நானா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 25
கோணவாயன் விலகிவிட்டான். பின்னாலேயே மற்றவர்களும். தனியாக ஒரு செயலி தொடங்குகிறானாம். பீடை ஒழிந்தது.

ஜூன் 2
மகள் செயலியை மூடிவிட்டாள். எனக்கு டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 11
நம் லாரிகளைக் கோணவாயன் செயலியில் சேர்த்திருக்கிறாள். இன்று நமக்கு முதல் லோடு கிடைத்தது. சரக்குக்குப் பக்கத்தில் நின்றது நம் லாரி; மேலே நம் பெயர்தான். படுபாவி, அவள் போட்ட விதியையே வைத்திருக்கிறான். அவன் பெயருக்குக் கீழேயும் கருத்து எழுத இடம் இருக்கிறது.
போனை அவளே பிடித்துக்கொண்டு காட்டினாள். கை நீட்டினேன்.
"படிங்கப்பா, தொடாதீங்க."
படித்தேன்.