நான்காவது டம்ளர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, உன் தங்கச்சி குட்டி மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் மக்கர் பண்ணுகிறது. நீ சுகமா என்று போனில் கேட்டால் நல்லா இருக்கேன்பா என்கிறாய், சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன்பா என்கிறாய், அடுத்து லைன் கட் ஆகிவிடுகிறது. உன்னை ஒரு கேள்வி கேட்டாக வேண்டியிருக்கிறது, காகிதத்தில் கேட்டால் நீ கட் பண்ண முடியாது பார், அதனால்தான் இந்தக் கடிதம்.

குட்டி பதினொன்றாம் வகுப்பில் உணவும் ஊட்டச்சத்தும் பாடம் எடுத்திருக்கிறாள் என்று சொன்னேன் இல்லையா. சமையல் கற்றுக்கொள்ளவா பள்ளிக்கூடம் போகிறாய், உன் அப்பனே சமையல்காரன்தானே என்று உன் சித்தப்பா கிண்டல் செய்தான். அப்பாவுக்கு உப்பு தெரியும், சோடியம் தெரியாது என்று பட்டென்று சொன்னாள். படித்து முடித்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவு எழுதித்தரும் வேலைக்குப் போகவேண்டும் என்பதுதான் அவள் கனவு. உன் கட்டில் இப்போது அவளுடைய மேஜை, அதன்மேல் ஒரு எடை பார்க்கும் மிஷின். ஒரு முட்டையைக்கூட நிறுக்காமல் உள்ளே விடுவதில்லை.

போன மாதம் அவளுக்கு ஒரு செய்முறை நோட்டு கொடுத்தார்கள். ஏழு நாள் வீட்டில் எவ்வளவு சமைத்தார்கள், யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், எவ்வளவு மிச்சம் என்று நிறுத்து எழுதவேண்டும், பிறகு ஆளுக்கு இவ்வளவு புரதம், இவ்வளவு சக்தி என்று கணக்குப் போடவேண்டும். ராப்பகலாக உட்கார்ந்து எழுதினாள். நோட்டு திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், ஏழு நாளும் சோறு மிச்சம் ஏறக்குறைய நானூற்று ஐம்பது கிராமா, நிறுத்து எழுதியதா, உட்கார்ந்த இடத்தில் எழுதியதா என்று டீச்சர் கேட்டிருந்தார். பெற்றோரை அழைத்து வரவும் என்று வேறு. பொய் என்று ஆகிவிட்டால் செய்முறை மதிப்பெண் அத்தனையும் போய்விடும். பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதாள். நான் வேறு சும்மா இருக்காமல், கேன்டீனில் முந்நூறு பேருக்குக் கண்ணளவில் அரிசி போடுகிறவன் நான், நம் வீட்டில் மிச்சமே விழாது, உன் மிஷினில்தான் கோளாறு என்று கத்திவிட்டேன். மிச்சம் விழுவதை மறுநாள் என் டப்பாவில் போட்டுக்கொண்டு போவதும் நான்தான். சமையல்காரர் டப்பாவில் நேற்றைய சோறா என்று கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மாள் தினமும் சிரிப்பார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பார்.

மறுநாள் வீட்டில் சமைக்கும்போது என் கையையே கவனித்தேன். ஆளுக்கு ஒரு டம்ளர் அரிசி, அது உனக்கே தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, அதோடு நிறுத்தவேண்டும். கை பாட்டுக்கு நான்காவதை அள்ளிக்கொண்டு வந்தது. நீ வெளியூர் போய் இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறதப்பா. அவ்வளவு நாளும் இந்தக் கை உன்னையும் சேர்த்து அளந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். அரிசிப் பானையில் திரும்பக் கொட்டப் பார்த்தேன், மனசு வரவில்லை, நான்கு டம்ளரும் போட்டே வடித்தேன்.

கேன்டீன் உடுப்போடு, வெங்காய வாடையோடு பள்ளிக்குப் போனேன். டீச்சருக்கு உன் அத்தை வயதிருக்கும், கண்டிப்பானவர், ஆனால் உட்காரச் சொல்லித்தான் பேசினார். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். கடைசியில், "அது மிச்சம் இல்லீங்க டீச்சர். வெளியூர்ல இருக்கானே என் பெரிய பையன், அது அவன் பங்கு" என்றேன். குட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் நோட்டைக் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், "சரிங்க, உங்க பையன் அங்க என்ன சாப்பிடறாரு?"

கேன்டீனில் யார் கேரட்டை ஒதுக்குவார், யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் போகிறார், எல்லாம் எனக்கு அத்துப்படி. பெற்ற பிள்ளை காலையில் என்ன சாப்பிடுகிறான் என்று மட்டும் தெரியாது. டீச்சர் சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டார். நான்காவது ஆளுக்கும் ஒரு பக்கம் எழுதி மாதக் கடைசிக்குள் கொடுத்தால் நோட்டை முழுசாக ஏற்றுக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், நீ போன முதல் வாரமே தனக்குத் தெரியும் என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் குறைத்துவிடுவீர்களே என்றாள்.

இந்தக் கவருக்குள் குட்டி கட்டம் போட்ட தாள் ஒன்று வைத்திருக்கிறாள். ஏழு நாள், மூன்று வேளை. சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதினால் செல்லாதாம், என்ன, எவ்வளவு என்று எழுதவேண்டுமாம். பிஸ்கட்டும் டீயும் என்றால் பிஸ்கட்டும் டீயும் என்றே எழுது, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுது. எங்கள் மனசுக்காக எதையும் ஏற்றி எழுதாதே, அவள் மதிப்பெண் அதில் இருக்கிறது. மதிப்பெண் கிடக்கட்டும், எனக்குத் தெரியவேண்டும்.

உடம்பு நோகாமல், நல்ல மனிதர்கள் நடுவில், வேளாவேளைக்கு வயிறு நிறைந்து நீ நன்றாக இருக்கவேண்டும். குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. தாளை இருபதாம் தேதிக்குள் தபாலில் போட்டுவிடு. உனக்கு லீவு எப்போது என்று அம்மா கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள். எந்த நாள் வந்தாலும் முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை. சோறு இருக்கும்.

இப்படிக்கு,
உன் பங்கைத் தினமும் டப்பாவில் கொண்டுபோகும்
அப்பா