எட்டு மணி போன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆபீஸை விட்டு ஆறு வாரமாகிறது. வாரத்தில் மூன்று நாள் பழைய நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறேன், ஒரு நாள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், மிச்ச நாளெல்லாம் என் இஷ்டம். நானே போட்ட அட்டவணை சுவரில் இருக்கிறது. அதை நாலு தடவை அடித்துத் திருத்தியாயிற்று.

திங்கட்கிழமை ஒரு கூத்து. என் இஷ்டத்துக்கு இருக்க வேண்டிய நாளில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் பழைய ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிட்டேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, “லீவு முடிஞ்சுதாம்மா?” என்றார். “இப்பதான் ஆரம்பிச்சிருக்குண்ணே” என்றேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள், சொல்லுங்கள்.

என் நீல ஸ்வெட்டரையும் வீட்டில் இருக்கும் பெரிய கத்தரிக்கோலையும் அனுப்புங்கள். பிரம்பு ஊறிவிட்டது, எழுந்தாக வேண்டும்.

ஒன்றே ஒன்று அப்பா. நான் வேலையை விட்டதிலிருந்து நீங்கள் காலையில் போன் செய்வதில்லை. உங்கள் கோபம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். முன்பு மாதிரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு, “கிளம்பிட்டியாம்மா?” என்று கேளுங்கள். எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மகள்